புதினமும் தன்வரலாறும்: காவிரிக்கரை நூல்களில் ஒரு தேர்வு

முன்னுரை

கல்லூரி திறக்கும் ஜூன் திங்களில், புதிதாகச் சேர்ந்த மாணவர் தமிழ்த்துறை வாயிலில் நின்று கேட்கும் வினாக்களுள் ஒன்று, "ஐயா, பாடப் புத்தகம் தவிர வேறென்ன படிக்கலாம்?" என்பது. இவ்வினாவுக்கு நம்மிடையே மூவகை விடைகள் உலவுகின்றன. கல்கியைப் படியுங்கள் என்பார் ஒருவர். சுஜாதாவைப் படியுங்கள் என்பார் மற்றொருவர். கதைப் புத்தகம் பொழுதைத் தின்னும், அதை விடுத்துப் பாடத்தைப் பாருங்கள் என்பார் வீட்டுப் பெரியவர். முதல் இரண்டும் பெயரைச் சொல்கின்றன. மூன்றாவது தடையைச் சொல்கிறது. தேர்ந்தெடுக்கும் முறையை எவரும் சொல்வதில்லை. அம்முறையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

படிக்கும் பழக்கமுடைய மாணவரிடையேயும் ஒரு குறையை நாம் காண்கிறோம். துப்பறியும் கதையில் தொடங்கியவர் மூன்றாண்டும் துப்பறியும் கதையிலேயே நிற்கிறார். அரசர் கதையில் தொடங்கியவர் அரண்மனையை விட்டு வெளியே வருவதில்லை. தன்னம்பிக்கை நூல் படிப்பவருக்கு அஃதன்றி வேறு நூல் கண்ணில் படுவதில்லை. பழகிய பாதையில் நடப்பது எளிது. ஆயின் ஒரே வகை நூலைத் தொடர்ந்து படிப்பவர், தாம் முன்பே அறிந்தவற்றையும் நம்பியவற்றையுமே திரும்பத் திரும்பப் படிக்கிறார். அவர் நூலை மாற்றுகிறாரேயன்றிப் பார்வையை மாற்றுவதில்லை.

இதற்கு நாம் முன்வைக்கும் வழி எளியது. ஒவ்வொரு வகையிலிருந்தும் ஒரு புதினத்தை எடுத்துக்கொள்க. அதனோடு தொடர்புடைய தன்வரலாறு அல்லது நினைவுக் குறிப்பு ஒன்றனை அதற்கு இணையாக வைத்துப் படிக்க. புனைவு விட்டதை வரலாறு நிரப்பும். வரலாறு மறைத்ததைப் புனைவு காட்டும். ஒன்றை மற்றொன்றால் உரைத்துப் பார்க்கும் பயிற்சி வாய்க்கும். இம்முறைக்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்லவேண்டியதில்லை. திருச்சிராப்பள்ளியும் திருவரங்கமும் இவற்றைச் சூழ்ந்த சிற்றூர்களும் தந்த எழுத்தாளர்களே போதுமானவர்கள்.

வெகுசன எழுத்து இழுக்கன்று

'வெகுசன நாவல்' என்னும் தொடரைக் கல்விப் புலத்தார் சற்று இளக்காரத்துடன் வழங்குவதுண்டு. ஆயின் தமிழ்ப் புதினம் பிறந்ததே பொதுமக்கள் படித்து மகிழவும் பயன்பெறவும்தான். தமிழின் முதல் புதினமாகிய 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-இல் நூலாக வெளிவந்தது. அதனை இயற்றிய வேதநாயகம் பிள்ளை, அந்நாளைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்துக் குளத்தூரில் 1826-இல் பிறந்தவர். மாயூரத்தில் முன்சீபாகப் பணியாற்றியதால் அவ்வூர்ப் பெயரே அவருக்கு முன்னொட்டாக நிலைத்தது. அடுத்த ஆறாண்டுகளில், 1885-இல், இலங்கைக் கண்டியைச் சேர்ந்த வழக்கறிஞர் சித்தி லெவ்வை மரைக்காயரின் 'அசன்பே சரித்திரம்' வெளிவந்தது. தமிழ்ப் புதினத்தின் தொட்டிலைக் கிறித்தவர் ஒரு கையும் இஸ்லாமியர் ஒரு கையும் ஆட்டினர் என்பது இலக்கிய வரலாறு காட்டும் செய்தியாகும்.

கதை படித்தல் நம் சமுதாயத்திற்குப் புதியதன்று என்பதையும் பெரியோர் நினைவுகொள்ளுதல் நலம். இஸ்லாமியப் புலவர்கள் தமிழுக்கு அளித்த புதிய இலக்கிய வகைகளுள் கிஸ்ஸா ஒன்று. அச்சொல்லுக்கே கதை என்பது பொருள். யூசுப் நபியின் வரலாற்றைத் திருமறையே வரலாறுகளுள் அழகியதெனச் சிறப்பிக்கிறது. அவ்வரலாறு தமிழில் கிஸ்ஸாவாகவும் பாடப்பட்டது. ஆதலால், கதை என்ற ஒரே காரணத்தால் ஒரு நூலை விலக்குதல் நம் மரபுக்கும் ஏற்றதன்று. எந்தக் கதை, எவ்வாறு படிக்கப்படுகிறது என்பதே கேட்கத் தக்க வினா.

வார இதழ்களே புதினத்தையும் தன்வரலாற்றையும் மக்களிடம் கொண்டு சேர்த்தன. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் தொடராக வந்தது. ஒவ்வோர் அத்தியாயமும் ஒரு திடுக்கிடும் செய்தியோடு முடிவதற்குக் காரணம், வாசகரை அடுத்த வாரம் வரை காத்திருக்கச் செய்யவேண்டிய தேவையே. நூலாகப் படிக்கும் இக்கால மாணவர் அதனை உணர்ந்து படித்தால் அந்த அமைப்பின் நுட்பம் விளங்கும். 2022-லும் 2023-லும் அப்புதினம் இரு பகுதிகளாகத் திரைப்படமாக வந்தபின் அதனைத் தேடிப் படிக்கும் மாணவர் நம்மிடையே உளர். மறுபுறம், உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' 1940 முதல் 1942 வரை 'ஆனந்த விகடன்' இதழில் தொடராகவே வந்தது. இன்று ஆய்வாளர் மேற்கோள் காட்டும் அந்நூலை, அன்று சமையலறையிலும் திண்ணையிலும் இருந்தோர் வாரந்தோறும் படித்தனர். வெகுசனத் தன்மை ஒரு நூலின் தரத்தைக் குறைப்பதில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

வரலாற்றுப் புதினமும் பயணக் குறிப்பும்

வகைகளுள் முதலாவதாக வரலாற்றுப் புதினத்தை எடுத்துக்கொள்வோம். நம் ஊரைக் களமாகக் கொண்டது கல்கியின் 'பார்த்திபன் கனவு'. பல்லவப் பேரரசுக்கு அடங்கிய சிறு சோழ நாட்டின் தலைநகராக உறையூர் இதில் வருகிறது. அவ்வுறையூர் இன்று மாநகரின் ஒரு பகுதி. நம் மாணவர் பலர் நாள்தோறும் பேருந்தில் கடந்து வரும் இடம். திருச்சிராப்பள்ளியில் பள்ளிக் கல்வி பயின்று, 1921-இல் ஒத்துழையாமை இயக்கத்திற்காகப் படிப்பைத் துறந்தவர் கல்கி. சுதந்திரக் கனவோடு வாழும் சிற்றரசன் கதையை அவர் 1940-களின் தொடக்கத்தில், நாடு விடுதலைக்குப் போராடிய நாளில் எழுதினார் என்பதை எண்ணிப் படித்தால் நூலின் உள்ளுறை புலப்படும். நரசிம்மவர்மப் பல்லவன் வரலாற்று மாந்தன். பார்த்திபனும் அவன் மகன் விக்கிரமனும் ஆசிரியர் படைத்த மாந்தர். எது வரலாறு, எது கற்பனை என இருபத்தி வகுத்து ஓர் ஏட்டில் எழுதிக்கொள்வது வரலாற்றுப் புதினம் படிப்போர்க்கு நாம் கூறும் முதற் பயிற்சி.

அடுத்துக் கூறவேண்டியது ஸ்ரீ வேணுகோபாலனின் 'திருவரங்கன் உலா'. 1323-இல் டெல்லிப் படை திருவரங்கத்தைத் தாக்கியபோது அரங்கன் திருமேனியை அடியார் எடுத்துச் சென்றதும், ஊர் ஊராக மறைத்துக் காத்ததும், 1371-இல் அது மீண்டும் கோயிலை அடைந்ததும் ஆகிய நெடிய நிகழ்ச்சியின் அடிப்படையில் எழுந்த புதினம் அது. இதன் தொடர்ச்சி 'மதுரா விஜயம்'. விறுவிறுப்பும் பக்தியும் கலந்து, பலராலும் விரும்பிப் படிக்கப்படும் நூல் இது.

நம் மாணவர் ஒருவர் இந்நூலைப் பாதியில் திருப்பித் தந்து, "ஐயா, இந்தக் கதையில எதிரியா வர்றவங்க நம்ம ஆளுங்கதானே? நான் யார் பக்கம் நின்னு படிக்கிறது?" என்று வினவினார். இது சிறுபிள்ளைத்தனமான வினாவன்று. அந்நூலை முடிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துவதோ, நூலே வேண்டா என ஒதுக்கச் சொல்வதோ தகுந்த விடையாகாது. அதனோடு இணையாக மற்றொரு நூலைக் கையில் கொடுப்பதே விடை. நாம் அவருக்குச் சொன்ன நூல் இப்னு பதூதாவின் பயண நினைவுகள்.

மொராக்கோ நாட்டில் பிறந்த இப்னு பதூதா 1340-களில் மதுரைச் சுல்தானிடம் வந்து தங்கினார். அச்சுல்தான் கியாசுத்தீன் அவருக்கு மண உறவினரும் ஆவார். சமயத்தாலும் உறவாலும் நெருங்கியவராக இருந்தும், கைப்பட்டோரைப் பெண்களென்றும் குழந்தைகளென்றும் பாராது அச்சுல்தான் கொன்ற கொடுமையை இப்னு பதூதா மறைக்கவில்லை. தாம் கண்டதை வெறுப்புடன் பதிவு செய்தார். புதினத்தை மட்டும் படிப்பவர், ஒரு சமயத்தார் மற்றொரு சமயத்தார்க்குக் கொடுமை செய்தனர் என்று முடிவு கட்டுவார். இரண்டையும் படிப்பவர், அதிகாரம் கொடுமை செய்தது, அதே சமயத்தைச் சேர்ந்த ஒருவர் அதனைக் கண்டித்து எழுதி வைத்தார் என்று அறிவார். கொடுமையை இல்லையென்று மறுக்கவும் வேண்டா. அதனைத் தம் தோளில் சுமக்கவும் வேண்டா. நடுநிலையுடன் நிற்க ஓர் இடத்தை அப்பயண நூல் அம்மாணவருக்குத் தந்தது.

இன்னொன்றும் ஈண்டுக் கருதத் தக்கது. படையெடுப்பை நினைவில் கொண்டுள்ள அதே திருவரங்கக் கோயிலில் துலுக்க நாச்சியார் சன்னிதியும் உள்ளது. அரங்கன்பால் அன்பு கொண்ட சுல்தான் மகளெனக் கோயில் மரபு அவரைப் போற்றுகிறது. அவர் நினைவாக ரொட்டி படைக்கும் வழக்கமும் உண்டு. இதனை வரலாறு என நிறுவுதல் நம் நோக்கமன்று. ஒரு மக்கள் கூட்டத்தின் நினைவு, பகையையும் உறவையும் ஒரே மதிலுக்குள் வைத்துக் காக்க வல்லது என்பதே நாம் காணும் உண்மை. நினைவு அவ்வளவு விரிந்திருக்கும்போது நம் படிப்பு மட்டும் ஏன் ஒருபக்கம் சாயவேண்டும்?

துப்பறியும் கதையும் அறிவியல் கதையும்

'திருவரங்கன் உலா'வை எழுதிய ஸ்ரீ வேணுகோபாலனே 'புஷ்பா தங்கதுரை' என்னும் பெயரில் குற்றக் கதைகளையும் எழுதிக் குவித்தார் என்பது பலருக்கு வியப்பளிக்கும். ஒரே கை இருவகை எழுத்தை எழுதியது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் சூட்டிக்கொண்டது. வகை என்பது எழுத்தாளர் அணியும் ஆடையே. ஆடையைக் கண்டு ஆளை முடிவு செய்தலாகாது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இவ்வுண்மையை மேலும் தெளிவாகக் காட்டுபவர் சுஜாதா. ரங்கராஜன் என்னும் இயற்பெயர் கொண்ட அவர் 1935-இல் சென்னையில் பிறந்து, திருவரங்கத்தில் பாட்டியிடம் வளர்ந்தார். திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்றார். பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக விளங்கி, மின்னணு வாக்குப்பதிவு எந்திர உருவாக்கத்தில் பங்கு கொண்டார். 2008-இல் மறைந்தார். 'நைலான் கயிறு' அவருடைய தொடக்ககாலத் துப்பறியும் புதினம். 'என் இனிய இயந்திரா' அறிவியல் புதினம். ஜீனோ என்னும் எந்திர நாய் அதில் சிந்திக்கிறது, படிக்கிறது, கேள்வி கேட்கிறது. 1980-களில் எழுதப்பட்ட அக்கதை நிகழும் காலமோ இருபத்தோராம் நூற்றாண்டு. ஆசிரியர் கற்பனை செய்த எதிர்காலம் இன்று நமக்கு நிகழ்காலமாயிற்று. எவை மெய்த்தன, எவை பொய்த்தன என்று பார்த்துக்கொண்டே படிக்கும் வாய்ப்பு இத்தலைமுறை மாணவருக்கே உரியது.

இவ்விரண்டையும் படித்த மாணவர் 'ஸ்ரீரங்கத்து தேவதைகள்' தொகுப்பையும் படிக்கவேண்டும். அது முழுமையான தன்வரலாறன்று. நடந்ததும் புனைந்ததும் கலந்த இளமை நினைவுகள். வீதியும், கடைத் திண்ணையும், கிரிக்கெட் ஆட்டமும், பாட்டியும், ஊரில் யாரும் பெரிதாகக் கருதாத எளிய மனிதர்களும் அதில் நிறைந்திருக்கின்றனர். துப்பறியும் கதையில் விரைவாக ஓடும் அதே நடை, இங்கே நின்று ஒரு மனிதரை உற்றுப் பார்க்கிறது. விரைவு ஒரு திறன் என்றால் நிற்கத் தெரிதல் மற்றொரு திறன். ஒன்றை மட்டும் படித்தவர் சுஜாதாவில் பாதியையே அறிந்தவராவார்.

வெகுசன எழுத்தாளருக்கு நேரும் இடர்ப்பாட்டையும் சுஜாதா வாழ்வில் காணலாம். 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியைக் களமாகக் கொண்டு 'குமுதம்' இதழில் அவர் தொடங்கிய தொடர், தங்கள் பிரிவினரை இழிவுபடுத்துவதாக ஒரு சாரார் எதிர்த்ததால் இடையில் நின்றது. பின்னர் 'ரத்தம் ஒரே நிறம்' என்னும் பெயரில் அது புதிதாக எழுதப்பட்டது. தம்மவர் எவ்வாறு காட்டப்படுகின்றனர் என்னும் கவலை நம் சமுதாயத்திற்கு மட்டும் உரியதன்று என்பது இதனால் விளங்கும்.

குடும்பப் புதினமும் பெண்டிர் எழுத்தும்

பெண்களுக்கான கதை என ஆடவர் ஒதுக்கும் குடும்பப் புதினம் மூன்றாவது வகை. திருச்சிராப்பள்ளி மாவட்டத்துத் தொட்டியம் தந்த லக்ஷ்மி இவ்வகையில் பெரும்புகழ் பெற்றவர். திரிபுரசுந்தரி என்பது அவர் இயற்பெயர். மருத்துவக் கல்லூரியில் படித்த நாளிலேயே இதழ்களுக்குக் கதை எழுதி, அவ்வருவாயைப் படிப்புக்குத் துணையாகக் கொண்டார். தென்னாப்பிரிக்காவில் பல்லாண்டுகள் மருத்துவராக வாழ்ந்தார். 'ஒரு காவிரியைப் போல' என்னும் புதினத்திற்காக 1984-இல் சாகித்திய அகாதமி விருது பெற்றார். 'கதாசிரியையின் கதை' அவர்தம் தன்வரலாறு. புதினங்களில் குடும்பத்தின் நான்கு சுவருக்குள் நிற்கும் பெண்களைப் படைத்தவர், தம் வாழ்வில் கடல் கடந்து தொழில் செய்தவர். இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தொலைவை எண்ணிப் பார்ப்பதே ஒரு கல்வியாகும்.

முசிறியில் 1925-இல் பிறந்த ராஜம் கிருஷ்ணன் வேறொரு பாதையில் சென்றவர். களத்திற்கே சென்று மக்களோடு பழகிச் செய்தி திரட்டி எழுதுதல் அவர் முறை. நீலகிரிப் படகர் வாழ்வை 'குறிஞ்சித்தேன்' சொல்கிறது. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர் துயரைக் 'கரிப்பு மணிகள்' சொல்கிறது. 1973-இல் 'வேருக்கு நீர்' புதினத்திற்குச் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. முறையான உயர்கல்வி பெறாத ஒருவர் செய்த களப்பணி, ஆய்வு மாணவர்க்கும் வழிகாட்டுவதாகும்.

இனி நம் இல்லத்துப் பெண்டிரின் எழுத்துக்கு வருவோம். நாகூர் சித்தி ஜுனைதா பேகம் 1938-இல் 'காதலா? கடமையா?' என்னும் புதினத்தை வெளியிட்டார். அதற்கு உ.வே. சாமிநாதையர் முன்னுரை வழங்கினார். ஏட்டுச்சுவடிகளோடு வாழ்ந்த முதுபெரும் புலவர், இளம் இஸ்லாமியப் பெண் ஒருவரின் புதினத்தை மதித்து வரவேற்றார் என்பது தமிழுலகம் பெருமை கொள்ளத்தக்க நிகழ்ச்சி.

அந்நிகழ்ச்சியை மேடையில் பாராட்டுவது நமக்கு எளிது. நம் மாவட்டத்துத் துவரங்குறிச்சியில் பிறந்த சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' அவ்வளவு எளிதன்று. 2004-இல் வெளிவந்த இப்புதினம் இஸ்லாமியப் பெண்கள் வாழும் அறைகளின் உள்ளே சென்று, அங்குள்ள அன்பையும் அச்சத்தையும் ஏக்கத்தையும் மூடி மறையாது சொல்கிறது. வெளியார் பார்வைக்கு வைக்கத் தகாதவற்றை எழுதினார் என்று வருந்துவோர் நம்மிடையே உளர். அவ்வருத்தத்தை நாம் ஏளனம் செய்யவில்லை. வீட்டின் மானம் குறித்த கவலை மெய்யான கவலையே.

ஆயின் இங்கு நம் நேர்மைக்கு ஒரு சோதனை உள்ளது. 'திருவரங்கன் உலா'வைப் படிப்பவர் இப்னு பதூதாவையும் படிக்கவேண்டும் என்று நாம் கேட்டோம். தம் உறவினரான சுல்தானின் கொடுமையை எழுதிய அந்தப் பயணியின் நேர்மையைப் போற்றினோம். அதே நேர்மையோடு தம் வீட்டைப் பற்றி எழுதிய ஒரு மகளின் நூலை மட்டும் படிக்க மறுத்தல் எங்ஙனம் நீதியாகும்? ஏற்பதும் மறுப்பதும் படித்தபின் செய்யவேண்டியவை. படித்து மறுத்தல் அறிவு. படியாமல் மறுத்தல் அச்சம். இதனோடு தோப்பில் முகமது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யையும் சேர்த்துப் படித்தால், நம் சமுதாயத்தின் உள்நிலையை ஆடவர் ஒருவரும் பெண் ஒருவரும் எவ்வாறு வெவ்வேறாகக் காண்கின்றனர் என்பது விளங்கும்.

தன்வரலாற்றைப் படிக்கும் முறை

தன்வரலாற்றைச் சத்தியப் பிரமாணமாகக் கொள்வோர் உளர். தற்புகழ்ச்சி எனத் தள்ளுவோரும் உளர். இரண்டும் மிகை. நினைவு எல்லாவற்றையும் வைத்துக்கொள்வதில்லை; வேண்டியதைத் தேர்ந்தே வைத்துக்கொள்கிறது. எதைச் சொன்னார் என்பதோடு எதைச் சொல்லாது விட்டார் என்பதையும் உசாவிப் படித்தல் வேண்டும்.

'என் சரித்திரம்' எழுதியவரின் நாட்டம் தம் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைமீது நிலைத்து நிற்கிறது. திரிசிரபுரத்தார் எனப் போற்றப்பட்ட அப்பெரும்புலவரிடம் நாகூர் குலாம் காதிறு நாவலரும் பாடம் கேட்டார். வேதநாயகம் பிள்ளை அவருக்கு உற்ற நண்பர். அவர்மீது புலவர் 'குளத்துக் கோவை' பாடினார். சமயம் கடந்து தமிழால் இணைந்த ஒரு காலத்தை அறிய விரும்புவோர்க்கு அத்தன்வரலாறு ஒரு வாயிலாகும்.

அரசியல் வாழ்வை அறிய விரும்புவோர் டாக்டர் தி.சே.சௌ. ராஜனின் 'நினைவு அலைகள்' நூலைத் தேடிப் படிக்கலாம். திருவரங்கத்தவரான அவர், இலண்டனில் மருத்துவம் பயின்ற நாளில் வரகனேரி வ.வே.சு. ஐயரோடு பழகியவர். 1930 ஏப்ரல் 13-ஆம் நாள் இராஜாஜி தலைமையில் வேதாரணியம் உப்பு யாத்திரை திருச்சிராப்பள்ளியில் அவர் இல்லத்திலிருந்தே புறப்பட்டது. அந்த யாத்திரைக்கு வழிநடைப் பாடல் தந்தவர் நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை. அவரும் திருச்சிராப்பள்ளியில் கல்லூரிக் கல்வி பயின்றவரே. அவர்தம் தன்வரலாறு 'என் கதை'. புகழ்பெற்ற புதினம் 'மலைக்கள்ளன்'. 1954-இல் அது திரைப்படமாகவும் வந்தது. ஒரே ஆசிரியரின் வெகுசனப் புதினத்தையும் தன்வரலாற்றையும் இணைத்துப் படிக்க விரும்பும் மாணவருக்கு இவ்விணையைவிடப் பொருத்தமானது அரிது.

திரையுலக நாட்டமுடையோர்க்கு வாலியின் 'நானும் இந்த நூற்றாண்டும்' உண்டு. அவர் இயற்பெயரும் ரங்கராஜனே. திருவரங்கத்து இளைஞராக இருந்தபோது 'நேதாஜி' என்னும் கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார். அதன் முதற் படியைக் கல்கி வெளியிட்டார். பின்னர்த் திருச்சி வானொலிக்கு நாடகங்கள் எழுதினார். துறைதோறும் கையெழுத்து ஏடு நடத்தும் மாணவர்க்கு இது ஊக்கம் தரும் செய்தி.

தேர்வுக்குச் சில நெறிகள்

இதுகாறும் கூறியவற்றிலிருந்து, நூலைத் தேர்வோர் மேற்கொள்ளத் தக்க சில நெறிகளைத் தொகுத்துரைப்போம்.

முதலாவது, நூலைக் கையில் எடுத்ததும் அது முதலில் எந்த ஆண்டில், எந்த இதழில் வந்தது என்பதைப் பார்க்கவேண்டும். அப்போதுதான் அதன் அமைப்பும் மொழியும் யாரை நோக்கியவை என்பது தெரியும்.

இரண்டாவது, முதல் இருபது பக்கங்களைப் பொறுமையுடன் படிக்கவேண்டும். அதற்குள் ஒரு மனிதரேனும் உயிரோடு எழுந்து நிற்கவில்லையெனில் அந்நூலை வைத்துவிடலாம், அதில் இழுக்கில்லை. தொடங்கிய நூல் அனைத்தையும் முடித்தே தீரவேண்டும் என்னும் பிடிவாதத்தால் படிப்பையே கைவிட்டோர் பலர்.

மூன்றாவது, முடிவு தெரிந்த பின்னும் மீண்டும் படிக்கத் தூண்டுமா என்று கேட்கவேண்டும். கொலை செய்தவர் யார் என்பது தெரிந்ததும் தீர்ந்துபோகும் கதை ஒரு பயணத்திற்குப் போதும். அதன் பின்னும் மனத்தில் நிற்பது வாழ்வுக்கு உதவும்.

நான்காவது, ஆண்டுக்கு ஆறு நூல்கள் என வரையறுத்துக்கொள்ளலாம்: மூன்று வகைப் புதினங்கள், அவற்றுக்கு இணையாக மூன்று நினைவு நூல்கள். அம்மூன்று இணைகளுள் ஒன்றேனும் தமக்கு இயல்பாக விருப்பமில்லாத வகையாக இருத்தல் வேண்டும். விருப்பமில்லாததைத் தேர்தலே பார்வையை அகலச் செய்யும்.

ஐந்தாவது, விலை தடையாக வேண்டியதில்லை. 1948-ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின் பயனாக மாவட்ட மைய நூலகமும் கிளை நூலகங்களும் நம் பகுதியில் இயங்குகின்றன. சிறு காப்புத் தொகை செலுத்தி உறுப்பினராகலாம். கல்கி, ராஜம் கிருஷ்ணன் ஆகியோர் நூல்கள் நாட்டுடைமையாக்கப்பட்டவை. எளிய விலைப் பதிப்புகளிலும், கைப்பேசியில் இலவசமாகவும் கிடைக்கின்றன.

பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் கையில் உள்ள நூலைப் பிடுங்குவதற்கு முன் தாமும் அதில் ஓர் அத்தியாயம் படித்துப் பார்க்கவேண்டும். படித்தபின் அதைப் பற்றிப் பிள்ளையோடு பேசவேண்டும். நூல் கெடுக்கும் என்று அஞ்சுவோர் அறியவேண்டியது, தனியே ஒளித்துப் படிக்கப்படும் நூலே ஐயத்தை வளர்க்கும் என்பது. கூடத்தில் திறந்து வைத்துப் பேசப்படும் நூல் வீட்டாரை நெருங்கச் செய்யும். பெண் மக்கள் நூலகம் சென்று வர வழிசெய்தல் இதனினும் முதன்மையானது. பள்ளிப் படிப்பு இடையில் நின்றும் நூல் படிப்பை விடாதிருந்த ஒரு பெண்ணே துவரங்குறிச்சியிலிருந்து எழுத்தாளராக எழுந்தார் என்பதை நாம் மறத்தலாகாது.

முடிவுரை

1950 முதல் 1954 வரை தூய வளனார் கல்லூரியில் பயின்ற ஆ.ப.ஜெ. அப்துல் கலாம், 1999-இல் வெளிவந்த 'அக்னிச் சிறகுகள்' என்னும் தன்வரலாற்றில் தம் விடுதி அறையை நினைவுகூர்கிறார். இராமேசுவரத்திலிருந்து வந்த அவரோடு, திருவரங்கத்து வைதிக ஐயங்கார் மாணவர் ஒருவரும், கேரளத்துச் சிரியன் கிறித்தவ மாணவர் ஒருவரும் அவ்வறையில் தங்கியிருந்தனர். இறுதியாண்டில் டால்ஸ்டாய், ஸ்காட், ஹார்டி முதலியோர் நூல்களில் தமக்கு ஈடுபாடு பிறந்ததையும் அவர் குறிப்பிடுகிறார். இயற்பியல் மாணவருக்குப் புதினம் தடையாகவில்லை. பிற சமய நண்பர் இருவர் உடனிருந்தது அவர்தம் சமய வாழ்வுக்கு ஊறு செய்யவும் இல்லை.

நாம் தேரும் நூல்களும் அத்தகைய அறையாக அமைதல் வேண்டும். நம்மைப் போன்றோர் எழுதியவை சில, நம்மைப் போலல்லாதார் எழுதியவை சில, நம்மை வினவுபவை சில என அவை அருகருகே இருக்கட்டும். காவிரியின் ஒரு கரையில் மலைக்கோட்டையும் நத்ஹர் வலி தர்காவும் மாதா கோயிலும், மறுகரை சூழ்ந்த தீவில் அரங்கன் கோயிலும் நிற்கும் இவ்வூரில் வாழும் நமக்கு அது அரிய செயலன்று. இவ்வாண்டு புதிதாக வரும் மாணவர் எதைப் படிக்கலாம் என்று கேட்கும்போது, ஒரு பெயரை மட்டும் சொல்லி அனுப்பாது, இரு நூல்களை இணைத்து அவர் கையில் கொடுப்போமாக.